மேடையும் அவையும் கேட்போரும்

முதுகலை இரண்டாம் ஆண்டு, அரசியல் அறிவியல்

"அரசியலில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? தேநீர்க் கடையில் நாள்தோறும் நடப்பதுதானே அது!"

முதுகலையில் அரசியல் அறிவியலை எடுத்திருக்கிறேன் என்றதும் என் உறவினர் ஒருவர் கேட்ட கேள்வி இது. வேதியியல் மாணவிக்குச் சோதனைக் குழாய் உண்டு. தாவரவியல் மாணவிக்கு இலையும் வேரும் உண்டு. அரசியல் படிப்பவள் எதைக் கையில் எடுத்து ஆராய்வாள்? அன்று எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. ஈராண்டுப் படிப்பு முடியப்போகும் இவ்வேளையில் அவருக்குச் சொல்ல வேண்டிய விடையையே இங்கே கட்டுரையாக எழுதுகிறேன். ஆசிரியப் பெருமக்கள் இதில் குறை காணின் பொறுத்தருள்க. தோழியர் ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு, பிறகு தத்தம் வீட்டில் ஒரு காரியம் செய்து பார்க்க வேண்டுகிறேன். அது என்னவென்று இறுதியில் சொல்கிறேன்.

தோற்றுப்போன வினாத்தாள்

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் களப்பயிற்சிக்காக ஒரு வினாத்தாள் தயாரித்தோம். 'தேர்தலில் நீங்கள் வாக்களிக்கும்போது எதனைக் கருத்தில் கொள்கிறீர்கள்? அ. கட்சி, ஆ. வேட்பாளர், இ. கொள்கை, ஈ. பிற, உ. கருத்தில்லை' என்னும் போக்கில் வினாக்கள் இருந்தன. அதனை எடுத்துக்கொண்டு பேட்டையில் எங்கள் தெருவுக்கே வந்தேன். முதல் வீடு எங்கள் வீடுதான். முதலில் கேட்கப்பட்டவர் என் ஆச்சி.

ஆச்சிக்கு எண்பது வயதாகிறது. மடியில் பீடித் தட்டை வைத்து இலையை மடித்துக்கொண்டிருந்தார். நான் வினாவை எழுத்துப் பிசகாமல் படித்தேன். "எனக்கென்னட்டி தெரியும்? படிச்சவங்கள்ட்டப் போய்க் கேளு" என்றார். 'கருத்தில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அடுத்தடுத்த வீடுகளிலும் பெரும்பாலும் இதே விடை. தாளெல்லாம் நிரம்பியதும் எனக்கு ஒரு முடிவு தோன்றியது: 'நம் பெண்களுக்கு அரசியல் கருத்தே இல்லை.'

அதை அப்படியே எழுதிக் கொடுத்திருப்பேன். அன்றிரவு ஆச்சியும் அம்மாவும் மறுநாள் பீடிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய பீடிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சு அரிசி விலைக்குத் திரும்பிற்று. தாளும் பேனாவும் இல்லாத அந்த நேரத்தில் ஆச்சி 1967ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அதுவே அவர் வாக்களித்த முதல் தேர்தல். அக்காலத்தில் இருபத்தொரு வயது நிரம்பினால்தான் வாக்குரிமை உண்டு. 1989ஆம் ஆண்டில்தான் அது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது.

"ரூவாய்க்கு மூணு படி அரிசின்னாவ. மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னாவ. பொறவு பட்டணத்துக்கும் கோயமுத்தூருக்கும் ஒரு படி போட்டாவ. நம்ம பேட்டைக்கு வந்துச்சா? வரல. ஆனா ஒண்ணு கேளு. அதுக்கு முந்தி எந்த மேடையில ஏறி எவன் நம்ம அரிசிப் பானையப் பத்திப் பேசினான்?"

நான் திகைத்துப்போனேன். வாக்குறுதி, அதன் நிறைவேற்றம், அதன் குறைபாடு, அதையும் மீறி அது நிலைபெற்ற காரணம் ஆகிய நான்கையும் அவர் ஒருசில வாக்கியங்களில் சொல்லிவிட்டார். இதற்கு என் தாளில் கட்டமே இல்லை! "யாருக்கு ஓட்டுப் போட்டிய ஆச்சி?" என்று கேட்டேன். "அத ஒங்க தாத்தாட்டயே சொல்லலட்டி" என்று சிரித்தார். மந்தண வாக்கு என்பதை அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

பழுது ஆச்சியிடம் இல்லை, என் வினாத்தாளில்தான் இருந்தது என்று அன்று விளங்கிற்று. அறிஞர்கள் கட்சியையும் சட்டமன்றத்தையும் மேடையையும் எவ்வாறு ஆராய்ந்தார்கள் என்று தேடிப் படிக்கத் தூண்டியது அந்த இரவுதான்.

கட்சி என்னும் அமைப்பு

கட்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் இரண்டு பெயர்களை எந்த மாணவரும் தவிர்க்க முடியாது. ஒருவர் ராபர்ட் மிக்கல்ஸ். ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியை நெருங்கியிருந்து கண்டு, 1911ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர். எந்த அமைப்பும் பெரிதாகப் பெரிதாக, அதிகாரம் ஒருசிலர் கையில் சேர்ந்தே தீரும் என்பது அவர் கண்ட முடிவு. சமத்துவத்திற்காகவே தோன்றிய கட்சியிலும் இதுதான் நடக்கிறது என்று அவர் காட்டினார். மற்றவர் பிரான்சு நாட்டின் மோரிஸ் துவர்ழே. 1951ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெற்ற ஒருவரே வெல்லும் முறை இருக்குமிடத்தில் போட்டி காலப்போக்கில் இரண்டு பெரிய அணிகளுக்குள் அடங்கும் என்று அவர் கூறினார்.

இவை ஏதோ வெளிநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டாம். நம் மாநிலத் தேர்தல் புள்ளிகளைப் பாருங்கள். 1967இல் சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 234 இடங்கள். காங்கிரஸ் 232 இடங்களில் போட்டியிட்டு 51 இடங்களை வென்றது. தி.மு.கழகம் 174 இடங்களில் போட்டியிட்டு 137 இடங்களை வென்றது. இனி வாக்கு விழுக்காட்டைப் பாருங்கள். காங்கிரசுக்கு 41.1, தி.மு.கழகத்திற்கு 40.7! தோற்ற கட்சி தனிக்கட்சி என்ற அளவில் சற்றுக் கூடுதல் வாக்கே பெற்றிருக்கிறது. அப்படியானால் வெற்றி எங்கிருந்து வந்தது? எதிர்ப்பு வாக்குகள் சிதறாமல், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே வேட்பாளருக்குச் சேரும்படி அமைக்கப்பட்ட கூட்டணியிலிருந்து வந்தது. 'மக்கள் அலை' என்று நாம் சொல்லுவதன் அடியில் இத்தகைய கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

பின்னாளில் இதே கணக்கு இரு பெரும் கட்சிகளையும் மாறி மாறி வருத்தியது. 1991இல் தி.மு.கழகம் ஏறத்தாழ 22 விழுக்காடு வாக்குப் பெற்றும் இரண்டே இடங்களில் வென்றது. 1996இல் அ.தி.மு.கழகம் 21 விழுக்காட்டுக்கு மேல் பெற்றும் நான்கே இடங்களில் வென்றது. ஐந்தில் ஒருவர் ஆதரித்த கட்சிக்கு அவையில் நூற்றுக்கு இரண்டு இடம்கூட இல்லை. 'நாடே கைவிட்டது' என்று அப்போது பேசினார்கள். எண்ணிப் பார்த்தவர்கள் மட்டும் அவ்வாறு பேசமாட்டார்கள். ஆராய்ச்சியின் முதற்பயன் இதுதான். இடங்களையும் மக்களையும் ஒன்றென எண்ணும் மயக்கத்தை அது நீக்குகிறது.

இந்தியக் கட்சிகளை நேரில் கண்டு ஆராய்ந்தவர்களுள் மைரன் வீனர் குறிப்பிடத்தக்கவர். காங்கிரஸ் கட்சி எவ்வாறு கட்டப்பட்டது என்பதை ஐந்து இடங்களில் ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று நம் மதுரை. கிராமத்துத் தேவைகளை அலுவலகத்துக்குக் கொண்டுசேர்க்கும் இடைநிலை மனிதர்களே கட்சியின் நரம்பு மண்டலம் என்பதை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. ஆனால் அந்நூல் வெளிவந்தது 1967இல்! அதே ஆண்டில்தான் இம்மாநிலத்தில் அக்கட்சி ஆட்சியை இழந்தது. விருதுநகரில் பெருந்தலைவர் காமராசரே, பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். வீனர் கண்டது பொய்யா? அன்று. கட்சியின் அமைப்பு அங்கே இருந்தது. அதே வேளையில் இன்னோர் அமைப்பு படிப்பகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் தேநீர்க் கடைகளிலும் வளர்ந்துகொண்டிருந்தது. அதைக் காண வேறொரு கண் வேண்டியிருந்தது.

அந்தக் கண்ணோடு வந்தவர்களுள் ஒருவர் மார்கரீட் ராஸ் பார்னெட் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண் அறிஞர். தி.மு.கழகத்தின் பண்பாட்டுத் தேசியத்தைப் பற்றிய அவருடைய நூல் 1976இல் வெளிவந்தது. பின்னர் நரேந்திர சுப்பிரமணியன் 1999இல் எழுதிய நூலில், திராவிடக் கட்சிகளுக்குள் பலதரப்பட்ட குழுக்கள் தத்தம் குரலோடு இயங்க இடமிருந்ததே இங்கு மக்களாட்சி வேரூன்றத் துணைசெய்தது என்று வாதிட்டார். மிக்கல்ஸ் சொன்ன விதியும் இவர் சொல்லும் விலக்கும் ஒரே கட்சிக்குள் எப்படி அடுத்தடுத்து இருக்கின்றன என்பது இன்றும் ஆய்வுக்குரிய கேள்வியே.

சட்டமன்றம் என்னும் அவை

திருக்குறளில் அவையறிதல் என்று ஓர் அதிகாரமும், அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமும் உள்ளன. அவை என்பது நமக்குப் புதிதன்று. ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் அவை புதிது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920இல் தேர்தல் நடந்து, சென்னை மாகாணத்தில் நீதிக் கட்சியின் அமைச்சரவை அமைந்தது. அன்று வாக்களித்தவர்கள் சொத்தும் வரியும் உடைய மிகச் சிலரே. 1921இல் பெண்களுக்கும் அந்த வாக்குரிமை விரிந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சட்ட அவையில் உறுப்பினராகித் துணைத்தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை எதிர்த்து அவர் தொடங்கிய வாதம் 1947இல் முழுச் சட்டமாயிற்று. வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதற் பொதுத்தேர்தல் முடிந்தது 1952இல்.

சட்டமன்றத்தை ஆராய்பவர் எதைப் பார்க்கிறார்? செய்தித்தாளில் வெளிநடப்பும் கூச்சலும் பெரிதாக வருகின்றன. ஆய்வாளரோ கேள்வி நேரத்தைப் பார்க்கிறார். மானியக் கோரிக்கையின்மீது யார் பேசினார், எந்த ஊருக்குப் பாலம் கேட்டார், அமைச்சர் என்ன விடை தந்தார், வெட்டுத் தீர்மானம் என்னவாயிற்று என்று அவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார். ஒரு மசோதா எத்தனை மணி நேரம் விவாதிக்கப்பட்டது என்று எண்ணுகிறார். எண்ணுவது சிறு வேலைபோலத் தோன்றும். ஆனால் 'உறுப்பினர் ஒன்றுமே பேசுவதில்லை' என்ற குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதை எண்ணாமல் எவ்வாறு அறிவது?

1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டத்தையும் இங்கே நினைக்க வேண்டும். கட்சிக் கொறடாவின் ஆணைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் பதவியிழக்க நேரிடும். விலைபோவதைத் தடுக்க வந்த சட்டம் இது. அதனால் ஒரு விளைவும் உண்டு. உறுப்பினரின் கை எப்படி உயரும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஆகவே உறுப்பினரின் தனித்தன்மை வெளிப்படும் இடம் வாக்கெடுப்பிலிருந்து கேள்விக்கும் பேச்சுக்கும் நகர்ந்துவிட்டது. அவையின் பேச்சை ஆராய்வது இதனால்தான் முன்னிலும் தேவையாகிறது.

ஒரு சட்டத்தில் உள்ள ஒரு சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு எங்கள் வீடே சான்று. 1966இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இயற்றியது. தொழிற்கூடத்தில் உட்கார்ந்து சுற்றுபவர் தொழிலாளர், அது சரி. ஆனால் ஒப்பந்தக்காரரிடம் இலையும் தூளும் வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் சுற்றித் தரும் பெண் தொழிலாளரா? முதலாளியின் கூரைக்கு வெளியே இருப்பவரைத் தொழிலாளராகக் கொள்ள முடியுமா? அச்சட்டம் வீட்டில் வேலை செய்பவரையும் தொழிலாளர் என்னும் வரையறைக்குள் சேர்த்தது. அதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 1974இல் உச்சநீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. 1976இல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பினுள் அடக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அதன் பயனை நான் மறக்க முடியாது. ஆச்சியும் அம்மாவும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பீடித் தொழிலாளர் அடையாள அட்டைகளும், பள்ளி நாளில் எனக்குக் கிடைத்த கல்வி உதவித்தொகையும் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை. அந்த வரையறை எழுதப்படாமல் போயிருந்தால் இக்கட்டுரையை எழுத நான் இந்தக் கல்லூரிக்கு வந்திருப்பேனா என்பது ஐயமே.

மேடை என்னும் புதுமை

இனி மேடைக்கு வருவோம். மேடைப்பேச்சு தமிழர்க்கு என்றுமே உரியது என்று நாம் நினைக்கிறோம். புலவர் பாடினார், கதாகாலட்சேபம் நடந்தது, வில்லுப்பாட்டு ஒலித்தது. ஆனால் ஊரார் அனைவரையும் சாதி பாராது ஓரிடத்தில் கூட்டி, 'நீங்கள்தாம் நாடு' என்று நேரே விளித்து ஒருவர் உரைநடையில் பேசுவது எப்போது தொடங்கிற்று? இக்கேள்வியையே தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர். மதுரையில் தங்கித் தமிழ் கற்று, தெருமுனைக் கூட்டங்களில் நின்று கேட்டு, திராவிட இயக்க மேடைத்தமிழைப் பற்றி 2009இல் நூல் எழுதினார். 2016இல் அவர் மறைந்த பிறகு, அவர் எழுதிவைத்தவற்றை நண்பர்கள் தொகுத்து 2021இல் இன்னொரு நூலாக வெளியிட்டனர்.

அவர் காட்டும் வழி இது. கிறித்தவப் பாதிரிமார் யாழ்ப்பாணத்திலும் நம் திருநெல்வேலிச் சீமையிலும் எல்லாரையும் நோக்கிப் பிரசங்கம் செய்யும் முறையைக் கொண்டுவந்தனர். பாளையங்கோட்டையில் 1820 முதல் பணியாற்றிய ரேனியுசின் பெயரை நாம் அறிவோம். அந்த முறையைச் சைவத்திற்கு எடுத்துக்கொண்டவர் ஆறுமுக நாவலர். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். சமயத்திற்கு உரியதாக இருந்த அந்தப் பேச்சு அரசியலுக்கு வந்தது சுதேசி இயக்கக் காலத்தில்.

அது வந்த இடங்களுள் நம் மாவட்டம் முதன்மையானது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் பேசினர். ஆலைத் தொழிலாளரும் வண்டிக்காரரும் கடைக்காரரும் கேட்டனர். மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. கடைகள் மூடப்பட்டன. மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து அவர் 1912இல் விடுதலையானபோது கப்பலும் இல்லை, கூட்டமும் இல்லை. இந்த எழுச்சியை ஆராய்ந்து ஆ.இரா.வேங்கடாசலபதி எழுதிய தமிழ் நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

இதில் என்னைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. அந்த நாட்களில் மேடையில் என்ன பேசப்பட்டது என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? ஒலிப்பதிவுக் கருவி இல்லை. பேசியவர் எழுதிவைத்துப் பேசவில்லை. கூட்டத்தில் நின்று குறிப்பெடுத்தவர்கள் காவல்துறையினர்! சிறைக்கு அனுப்புவதற்காக எழுதப்பட்ட அக்குறிப்புகள் நீதிமன்றத்தில் சான்றாக வைக்கப்பட்டன. அதனால்தான் அவை பிழைத்தன. பகைவன் எழுதிய ஏடு நமக்கு வரலாற்று ஏடாயிற்று. அதை அப்படியே நம்பவும் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. எழுதியவர் யார், எதற்காக எழுதினார், எதை விட்டார் என்று கேட்டுக் கேட்டுப் படிக்க வேண்டும்.

ஆனால் அக்குறிப்புகளில் ஓர் இடம் வெறுமையாகவே இருக்கிறது. பேசியவரின் சொல் கிடைக்கிறது. கேட்டவரின் சொல் கிடைப்பதில்லை. கூட்டம் முடிந்து வீடு திரும்பிய வண்டிக்காரர் தம் மனைவியிடம் என்ன சொன்னார்? அந்த அம்மாள் என்ன விடை சொன்னார்? அதை எழுத எந்தக் காவலரும் அனுப்பப்படவில்லை.

நாடகமும் திரையும்

மேடைக்கு வராதவர்களையும் எட்டியவை நாடகமும் பாட்டும் திரைப்படமும். தியடோர் பாஸ்கரன் 1981இல் எழுதிய நூல், தேசிய இயக்கம் இவற்றின் வழியே எவ்வாறு பரவியது என்பதை விளக்குகிறது. நாடக நடிகர் விஸ்வநாததாஸ் தேசியப் பாடல் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்றவர். அவர் உயிர் பிரிந்ததும் நாடக மேடையிலேதான். யாழ்ப்பாணப் பேராசிரியர் கா.சிவத்தம்பி அதே 1981இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாகக் கொண்டு ஆராய்ந்தார். தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதற் கலைக்கூடம் திரையரங்கே என்பது அவர் சொன்ன கருத்து. அங்கே கட்டணம்தான் இருக்கையைப் பிரித்தது. பிறப்பு பிரிக்கவில்லை.

எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பத்தையும் அரசியலையும் பற்றி எழுதிய நூல் வேறொரு கேள்வியை எழுப்பியது. ஏழை மக்களுக்குப் போதிய பயன் கிட்டாதபோதும் அவர்கள் ஏன் அவ்வளவு அன்பு செலுத்தினார்கள்? மக்களின் அன்றாட அறிவுக்குள் ஏற்கெனவே இருந்த வீரன், கொடையாளி என்ற எண்ணங்களைத் திரை எடுத்தாண்டது என்பது அவர் விடை. அது கூர்மையான நூல். ஆயினும் என் போன்ற மாணவிக்கு ஓர் ஐயம் எழுகிறது. பிம்பத்தை ஆராய்வதுபோல, அதைப் பார்த்தவரை அவர் வாயாலேயே பேசவிட்டு ஆராய்ந்தால் விடை மாறுமா? 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பிள்ளையின் தட்டில் சோறு விழுந்ததைக் கண்ட தாய், திரையில் கண்டதையும் தட்டில் கண்டதையும் பிரித்தறியாதவளா?

கேட்போர்

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டுத் தேர்தலின்போது லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவினரும் ஓகையோ மாநிலத்தின் ஒரு மாவட்டத்தில் அதே மக்களைத் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டனர். வானொலியும் செய்தித்தாளும் மக்களை நேரே மாற்றிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். கண்டதோ வேறு. செய்தி முதலில் ஊரில் மதிக்கப்படும் சிலரிடம் வந்து, அவர் வாய்ச்சொல்லாக மற்றவரை அடைந்தது. பேச்சைப் பேச்சே வென்றது.

இதை அறிய எங்களுக்கு ஓகையோவுக்குப் போக வேண்டியதில்லை. கியூபா நாட்டுச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து செய்தித்தாளும் கதையும் படிக்க, தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பது வழக்கமாயிற்று. கேரளத்துக் கண்ணூர்ப் பீடிக்கூடங்களிலும் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் வழக்கம் இருந்தது. கை ஓய்வதில்லை, காது ஓய்ந்திருப்பதில்லை. எங்கள் பேட்டை வீடுகளில் திண்ணைதான் கூடம். வானொலியே படிப்பவர். அண்டை வீட்டுக்காரி சொல்லும் செய்தியே தலையங்கம். ஆயிரம் பீடி சுற்றி முடிவதற்குள் ஓர் அமைச்சரவையே அங்கே விசாரிக்கப்பட்டுவிடும்!

இன்று கூட்டத்திற்குப் போகாமலே பேச்சைக் கேட்கலாம். ஒரு மணி நேர உரை அரை நிமிடத் துண்டாகக் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. வெட்டியவர் யார், எதை விட்டார் என்பது தெரிவதில்லை. 1908இல் காவலர் குறிப்பைப் படிக்கும்போது கேட்க வேண்டிய அதே கேள்விகளை இப்போதும் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் கேட்பவர் ஏமாளி என்று முடிவுகட்டுவது மட்டும் அன்றும் தவறு, இன்றும் தவறு. 'காசுக்கும் கவர்ச்சிக்கும் ஓட்டுப் போடுகிற கூட்டம்' என்று படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அவ்வாறுதான் 'கருத்தில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

இரண்டாம் முறை வினாத்தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து இலை வெட்ட உதவினேன். "உங்களுக்கு நினைவிருக்கிற முதல் கூட்டம் எது?" என்று மட்டும் கேட்டேன். முன்பு 'தெரியாது' என்றவர்களே பேசினார்கள். கணவர் தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னே போக, பெண்கள் பின்வரிசையில் நின்று கேட்டதையும், விளக்கு அணைந்தபோது பேச்சாளர் பாடத் தொடங்கியதையும் சொன்னார்கள். சில செய்திகளில் ஆண்டு தவறியது. சில செய்திகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அவற்றைச் செய்தித்தாளோடும் அவைக் குறிப்போடும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இப்போது என் ஆய்வேடாக வளர்ந்துகொண்டிருக்கிறது.

எதிர்த்த வீட்டு முதியவர் ஒருவரிடம் மட்டும் 'தேர்வு முடிந்து வருகிறேன் தாத்தா' என்று சொல்லியிருந்தேன். பழைய கூட்டங்களுக்குப் பந்தலும் விளக்கும் கட்டியவர் அவர். பேச ஆவலாக இருந்தார். தேர்வு முடிந்து நான் போனபோது அவர் இல்லை. அறுபது ஆண்டுக் கூட்டங்கள் அவரோடு போய்விட்டன. அவரைக் குறிப்பெடுக்க எந்தக் காவலரும் வரவில்லை. வந்திருக்க வேண்டியவள் நான்.

தோழியரே, இதுதான் நான் முதலில் சொன்ன காரியம். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர் கேட்ட முதல் கூட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கட்சி என்பதில் உங்கள் விருப்பு வெறுப்பை ஒதுக்கிவையுங்கள். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ஊரும் நாளும் குறியுங்கள். அவர் எழுத வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். யாருக்கு வாக்களித்தார் என்று வற்புறுத்தாதீர்கள். அது அவருடைய உரிமை.

வள்ளுவர் அவைக்கு இரண்டு அதிகாரம் வகுத்தார் என்றேன். அதற்கு முன்பே, அரசியலின் தொடக்கத்திலேயே, கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். பேசக் கற்பதற்கு முன் கேட்கக் கற்க வேண்டும் என்று அந்த வைப்பு முறையே நமக்குச் சொல்லுகிறது என எண்ணுகிறேன். என் உறவினர் மறுபடியும் வந்து, அரசியலில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்டால், "தேநீர்க் கடைக்கே போவோம் வாருங்கள் மாமா. அங்கே யார் பேசுகிறார், யார் கேட்கிறார், கேட்டவர் வீட்டில் போய் என்ன சொல்கிறார் என்று உட்கார்ந்து எழுதுவோம்" என்பேன்.